நஞ்சை அடக்கிய கண்டம்



புழுவையும் ஒரு பிறவியாக எண்ணிப் பாடிய மணிவாசகரின் சிவபுராணத்தை நாம் ஓதாத நாளில்லை. ஆனால் அந்தப் பிறவியை நாம் உற்றுப் பார்த்ததுண்டா?

சென்ற கோடையில் பிள்ளைகளை மொன்றியலில் 1990ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பூச்சிகள் காட்சிச்சாலைக்குக் கூட்டிச் சென்றேன். தலை, மார்பு, வயிறு என மூன்று கூறு, ஆறு கால்கள், எலும்புக்குப் பதிலாக வெளியே ஓடு, மூச்சுவிட உடலின் இருமருங்கும் சிறு துளைகள். பூச்சியின் அமைப்பு இவ்வளவுதான். ஆனால் பூக்களுக்கு மகரந்தம் காவி, பழமும் விதையும் உண்டாகச் செய்வதில் பெரும்பங்கு இவற்றுக்கே உரியது.

இங்கே தெருவோரங்களில் மில்க்வீட் என்றொரு செடி வளர்கிறது. இலையைக் கிள்ளினால் பால் வடியும். ஊரில் பிள்ளையாருக்கும் சிவனுக்கும் பூக் கொய்வோமே, அந்த எருக்கின் குடும்பம்தான் இதுவும். மொனாக் வண்ணாத்திப்பூச்சியின் புழு இதன் நச்சிலையை மட்டுமே தின்று, நஞ்சைத் தன் உடலில் அடக்கி வைக்கிறது. அதனால் பெரும்பாலான பறவைகள் அதைத் தீண்டுவதில்லை. நஞ்சுண்ட புழுவே பின்னர் செம்மஞ்சள் சிறகுடன் பறக்கிறது.

புழு நஞ்சை அடக்குவது தன் உயிரைக் காக்க. எம்பெருமான் ஆலகாலத்தைக் கண்டத்தில் அடக்கியது உலகைக் காக்க. அடியார்களே, நாம் உண்ட நஞ்சை என்ன செய்தோம்?

1995 ஐப்பசியில், கொட்டும் மழையில், நாவற்குழிப் பாலத்தைக் கடந்த சனத்திரளில் நானும் ஒரு சிறுவன். கணக்காளனாகி எத்தனையோ கணக்கை முடித்தேன். அந்தக் கணக்கு முடியவில்லை. அந்தக் கசப்பைப் பல நாள் வீட்டில் பிள்ளைகள்மேல் உமிழ்ந்திருக்கிறேன். நஞ்சை மறக்க வேண்டியதில்லை. அடக்கத்தான் வேண்டும்.

இன்னொன்று. ஒரு கிராம் எடைகூட இல்லாத இந்த உயிர் இலையுதிர் காலத்தில் ஏறக்குறைய 4,000 கிலோமீற்றர் பறந்து மெக்சிக்கோவின் மலைக்காடுகளை அடைகிறது. ரொறன்ரோப் பேராசிரியர் பிரெட் ஏர்குஹார்ட் பல்லாண்டு தேடிய அந்த இடத்தை அவருக்குத் துணைநின்றவர்கள் 1975இல் கண்டனர். இங்கிருந்து போவது முன்பு அங்கிருந்து வந்த பூச்சியல்ல, அதன் பேரப்பிள்ளையோ பூட்டப்பிள்ளையோதான். காணாத ஊருக்கு வழி அதற்குள் இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு அப்படியன்று. நாம் சொன்னால்தான் உண்டு. கசப்பை மட்டும் சொன்னால் அவர்கள் எந்த ஊருக்குத் திரும்புவார்கள்? கோயில் வீதியையும் எருக்கம்பூவையும் தேரிழுத்த நாளையும் சொல்லுங்கள்.

2023இல் கனடா மொனாக்கை அழியும் ஆபத்திலுள்ள உயிராகப் பட்டியலிட்டது. வீட்டு முற்றத்தில் மில்க்வீட் முளைத்தால் களையென்று பிடுங்காதீர்கள். அதுவும் ஒரு சிவபூசைதான்.

திருச்சிற்றம்பலம்.