அந்தப் பொத்தானை அழுத்தாதே, தம்பி

ஜப்பானிலிருந்து வந்த கே20ஏ இன்ஜினை வண்டியில் ஏற்றிவிட்டாய். இப்போது டிக்கியில் நீல நைட்ரஸ் பாட்டிலையும் கட்டி, 75 குதிரைத்திறனுக்கு ஜெட் போட்டு, இந்த வாரக் கடைசியில் ஈ.சி.ஆர். பக்கம் போய்ப் பார்த்துவிடலாம் என்று துடிக்கிறாய். நில். முதலில் பாட்டில் வால்வை மூடு. இதைப் படித்து முடித்த பிறகு யோசிக்கலாம்.

உன் இன்ஜின் எப்படிப்பட்டது என்று உனக்கே தெரியும். இன்டெக்ரா டைப் ஆர் காரில் வந்த கே20ஏ-யின் கம்ப்ரஷன் 11.5-க்கு 1. டர்போ கிடையாது. தானாக உறிஞ்சும் காற்றை மட்டும் வைத்துக்கொண்டு, 2 லிட்டரில், 8,000 சுற்றில் 220 குதிரைத்திறன் கொடுக்கிறது. ஜப்பானில் பங்குகளில் கிடைக்கும் உயர் ஆக்டேன் பெட்ரோலுக்கென்று அமைத்த இன்ஜின் அது. நம் ஊர் சாதாரண பெட்ரோலை ஊற்றினாலே நாக்கிங் எல்லைக்கு வந்து நிற்கும். இந்தியன் ஆயில் 2020-இல் எக்ஸ்பி100 என்ற உயர் ஆக்டேன் பெட்ரோலைக் கொண்டுவந்ததால் நிலைமை கொஞ்சம் மேல். ஆனால் அது எல்லா பங்கிலும் கிடைப்பதில்லை. அந்த இன்ஜினில் இருந்த இடைவெளியை எல்லாம் ஹோண்டா பொறியாளர்கள் ஏற்கெனவே பயன்படுத்தி முடித்துவிட்டார்கள். நீ கேட்பது அதற்கும் மேலே.

நைட்ரஸ் ஆக்சைடு தானாக எரிகிற வாயு அல்ல. சிலிண்டருக்குள் ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸில் அது பிரிந்து ஆக்சிஜனை விடுகிறது. எடைக் கணக்கில் காற்றில் ஆக்சிஜன் 23 சதவீதம், இதில் 36. ஆக்சிஜன் கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். பெட்ரோல் குறைந்தால் ‘லீன்’ ஆகி, சில நொடிகளில் பிஸ்டன் போய்விடும். பெட்ரோல் சரியாக வந்தாலும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. கலவை வேகமாக எரிவதால், அழுத்தத்தின் உச்சம் பிஸ்டன் மேலே ஏறி முடிப்பதற்குள்ளேயே வந்துவிடப் பார்க்கும். அதனால்தான் 50 குதிரைத்திறனுக்கு 2 டிகிரி என்ற கணக்கில் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கிறார்கள். கம்பெனி ஈசியூவை அப்படியே விட்டுவிட்டு, “சின்ன ஷாட்தானே” என்று பொத்தானை அழுத்துகிறவன் இன்ஜினைச் சுத்தியலால் அடிக்கிறான்.

கம்ப்ரஷன் கூடுதல் என்பதாலேயே நைட்ரஸ் கூடாது என்று நான் சொல்லவில்லை. அமெரிக்க டிராக் பந்தயக்காரர்கள் உன்னுடையதைவிடக் கூடுதல் கம்ப்ரஷனில் ஓட்டுகிறார்கள். ஆனால் பந்தய எரிபொருள், ஃபோர்ஜ்டு பிஸ்டன், அகலமாக விட்ட ரிங் கேப், குளிர்ந்த வகை ப்ளக் எல்லாம் தயாரான பிறகுதான் பாட்டிலைத் திறக்கிறார்கள். உன் இன்ஜினில் இவற்றில் எது இருக்கிறது? ரிங் கேப் விஷயத்தை யாரும் கவனிப்பதில்லை. சூட்டில் ரிங் விரிந்து இரண்டு முனையும் முட்டிக்கொண்டால், பிஸ்டனின் ரிங் பள்ளத்துக்கு மேலே உள்ள விளிம்பு பெயர்ந்து வந்துவிடும்.

அடுத்தது சுற்று. நைட்ரஸ் எந்தச் சுற்றில் திறந்தாலும் ஏறத்தாழ அதே குதிரைத்திறனைத்தான் சேர்க்கும். 7,000 சுற்றில் அந்த 75, டார்க்காக 76 நியூட்டன் மீட்டர். 3,000 சுற்றில் அதுவே 178. உன் இன்ஜினின் உச்ச டார்க்கே 206தான். கீழ்ச் சுற்றில் திறந்தால் கனெக்டிங் ராட் கிட்டத்தட்ட இரட்டைச் சுமையை வாங்குகிறது. இன்டேக்கில் பெட்ரோல் தேங்கிப் பின்வெடி வெடித்து மேனிஃபோல்டே பிளப்பதும் இந்தச் சுற்றில்தான். எனவே விண்டோ சுவிட்ச் இல்லாமல் ஓட்டாதே. குறைந்தது 4,000-க்கு மேலே திறக்கட்டும், ரெவ் லிமிட்டருக்கு முன்பே மூடட்டும். லிமிட்டர் பெட்ரோலை நிறுத்திய பிறகும் நைட்ரஸ் பாய்ந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆக்சிலரேட்டர் முழுக்க மிதிபட்டால் மட்டும் வேலை செய்யும் சுவிட்சும், பெட்ரோல் பிரஷர் விழுந்தால் நைட்ரஸை நிறுத்தும் சுவிட்சும் அதோடு சேர்ந்தவை. செலவு என்று இவற்றைத் தள்ளிவைக்காதே.

நம் ஊர் வெயிலில் இதைவிடப் பெரிய ஆபத்து இருக்கிறது. 36.4 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் நைட்ரஸ் ஆக்சைடு திரவமாகவே நிற்காது. அந்த வெப்பத்தில் பாட்டிலின் அழுத்தம் ஏறத்தாழ 1,050 பிஎஸ்ஐ. சித்திரை வெயிலில் மூடிய டிக்கி அந்த வெப்பத்தைச் சாதாரணமாகத் தாண்டும். அதன்பின் அழுத்தம் ஏறும் வேகம் பயங்கரமானது. அதிகமாக நிரப்பிய பாட்டில் என்றால் கேட்கவே வேண்டாம். ஜெட் அளவுகள் 900 முதல் 950 பிஎஸ்ஐ-க்கு என்று கணக்கிட்டவை. பாட்டில் சூடேறினால் அதே ஜெட்டில் நைட்ரஸ் கூடுதலாகப் பாயும், பெட்ரோல் பழைய அளவில்தான் வரும். நேற்று மாலை ஒழுங்காக ஓடிய வண்டி இன்று நண்பகலில் பிஸ்டனை ஓட்டை போடுவது இதனால்தான். அழுத்தம் தாங்காமல் பாட்டிலின் பாதுகாப்புத் தகடு உடைந்து வாயு காருக்குள் பரவினால், கண்ணாடி மூடிய வண்டியில் ஓட்டுபவன் மூச்சுக்கு ஆக்சிஜன் இல்லாமல் மயங்கிப் போவான். அந்த வாயு வண்டிக்கு வெளியே போகக் குழாய் போட்டிருக்கிறாயா? போடாத பாட்டிலை வண்டியில் வைக்காதே. எந்தக் காரணத்துக்காகவும் பாட்டிலை நெருப்பால் சூடுபடுத்தாதே. கூட்டாளிகள் யாராவது விளையாட்டுக்கு அந்த வாயுவை முகரப் பார்த்தால் கையைப் பிடித்துத் தடு. அது உடம்பில் பி12 வைட்டமினைச் செயலிழக்கச் செய்து நரம்பைக் கெடுக்கும்.

பட்டறை வைத்திருக்கும் அண்ணன்மார்களே, உங்களிடமும் ஒரு வார்த்தை. பையன் பணத்தோடு வந்து நிற்கிறான் என்பதற்காக மாட்டிக் கொடுத்துவிடாதீர்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு ப்ளக்கைக் கழற்றி, பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் நாக்கிங் தொடங்கிவிட்டது. அவற்றுக்கு நடுவே பளபளவென்று வெள்ளிப் பொட்டுகள் இருந்தால் அது பிஸ்டனின் அலுமினியம். அதைப் பார்த்த பிறகும் “ஓட்டுப்பா, ஒண்ணும் ஆகாது” என்று சொல்லி அனுப்புவது பாவம். முடியாது என்று சொல்லுங்கள். அவன் கோபித்துக்கொண்டு வேறு பட்டறைக்குப் போனாலும் போகட்டும்.

தம்பி, இன்ஜின் உன்னுடையது, சாலை உன்னுடையதல்ல. ஈ.சி.ஆரில் இரவு பத்து மணிக்கு மீன் கூடையோடு சாலையைக் கடக்கிற அம்மாவுக்கு உன் ஜெட் அளவு தெரியாது. பின்வெடியில் மேனிஃபோல்டு பிளந்தாலும், ராட் உடைந்து ஆயில் ரோட்டில் கொட்டினாலும், பின்னால் பைக்கில் வருகிறவன்தான் விழுவான். வாகனத்தைப் பதிவுச் சான்றுக்கு மாறாக மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவும், பொதுச் சாலையில் பந்தயம் விடுவதை 189-வது பிரிவும் தடுக்கின்றன. சட்டமே இல்லாவிட்டாலும் இதைச் செய்யக் கூடாது.

ஆசை தீர வேண்டுமென்றால் இருங்காட்டுக்கோட்டையும் செட்டிப்பாளையமும் இருக்கின்றன. பந்தயத் தடத்துக்குப் போ. அங்கேயும் மறைக்காதே. 1976-இல் டேடோனா 500 பந்தயத்தின் தகுதிச் சுற்றில் ஏ.ஜே. ஃபோய்ட், டாரல் வால்ட்ரிப் போன்ற பெரிய பெயர்களின் நேரங்களே நைட்ரஸ் விவகாரத்தில் செல்லாமல் போயின. எந்த வகுப்பில் அனுமதி உண்டோ அதில் பெயர் கொடு, பாட்டிலைப் பரிசோதகரிடம் காட்டு. அதற்கு முன் டைனோவில் ஏற்று. 35 குதிரைத்திறனில் தொடங்கு. ப்ளக் சுத்தமாக வந்தால் மட்டும் அடுத்த ஜெட்டுக்குப் போ.

இன்ஜினை விற்கும் நாள் வரும்போது, வாங்க வருகிறவரிடம் நைட்ரஸ் ஓடியதை நீயே வாய்திறந்து சொல். கழற்றிய ப்ளக்குகளையும் டைனோ சீட்டையும் அவர் கையில் கொடுத்துவிட்டு, பிறகு விலை பேசு.