எலிசபெத்தின் வீட்டில் ஒரு குரல்

(மரியா எலிசபெத்தைச் சந்தித்த விழா, மே 31. பழவேற்காடு ஏரிக்கரை மீனவ ஊர்களின் இறைமக்களுக்கு)



இன்றைய நற்செய்தியில் லூக்கா நம்மை ஒரு வீட்டுக்கு அழைத்துப் போகிறார். யூதேய மலைநாட்டில் குரு செக்கரியாவின் வீடு அது. ஊரார் மலடி என்று பேசிவந்த எலிசபெத்து, முதிர்ந்த வயதில் தலைப்பிரசவத்துக்குக் காத்திருக்கிறார். கருவுற்றபின் ஐந்து மாதம் அவர் வெளியே தலைகாட்டவில்லை. கணவரோ பேச்சிழந்தவர். "பயப்படாதே, நான் இருக்கிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்ல அவருக்கு நா எழாது. சைகை காட்டலாம், பலகையில் எழுதிக் காட்டலாம், அவ்வளவுதான்.

செபமாலையில் இந்த மறைபொருளை வாரந்தோறும் தியானிக்கிறோம். அந்த வீட்டில் மாதக்கணக்காக நிலவிய மௌனத்தை எத்தனை பேர் நினைத்துப் பார்த்திருக்கிறோம்? அந்த மௌனத்துக்குள்தான் மரியாவின் வாழ்த்துக் குரல் நுழைகிறது. குரல் காதில் விழுந்ததுமே வயிற்றுப் பிள்ளை துள்ளியது. மரியா மருத்துவம் அறிந்தவர் அல்லர். அவரே சின்னப் பெண், அவரும் அப்போதுதான் கருவுற்றிருந்தார். எலிசபெத்துக்கு ஆறாம் மாதம் நடக்கும்போது போனவர் ஏறக்குறைய மூன்று மாதம் அங்கேயே தங்கினார். தாய்மாரே, இந்தக் கணக்கை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. பார்த்துவிட்டு வரப் போகிறவர் இரண்டு நாளில் திரும்பிவிடுவார். மரியா உடனிருக்கப் போனார்.

பீடத்தின் முன் நின்று பிரசவத்தைப் பற்றிப் பேசலாமா என்று சிலருக்குக் கூச்சமாக இருக்கலாம். பேசத்தான் வேண்டும். சிலுவையில் ஆண்டவர் எந்தத் திருப்பாடலின் தொடக்கத்தைச் சொல்லிக் கதறினாரோ, அதே 22-ஆம் திருப்பாடலில், துன்புறும் மனிதர் தன்னைத் தாய் வயிற்றிலிருந்து வெளிக்கொணர்ந்தவர் கடவுளே என்று நினைவுகூர்கிறார். ஒரு மருத்துவச்சி செய்கிற வேலையைக் கடவுள் செய்ததாக நம் வேதமே சொல்லும்போது, நாம் எதற்குக் கூச்சப்படுவது?

நம் பாட்டிமார் காலத்தில் இந்தக் குப்பங்களில் பிள்ளைப்பேறு வீட்டில்தான் நடந்தது. மருத்துவச்சி வந்தார், வெந்நீர் காய்ந்தது, உறவுப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து முதுகைத் தேய்த்தார்கள். அந்தக் காலத்தை நான் புகழப் போவதில்லை. ரத்தம் நிற்காமல் போனாலோ, வலிப்பு வந்தாலோ அந்தக் கைகளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பசியாவரம் போன்ற தீவு ஊர்களிலிருந்து ஏரியைப் படகில் கடந்து, அதன்பின் வண்டி பிடித்துப் பொன்னேரி போய்ச் சேர்வதற்குள் எத்தனை உயிர்கள் ஊசலாடியிருக்கும்! இன்று நிலைமை வேறு. 2019-21-இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழகத்தில் 100 பிரசவங்களில் 99-க்கு மேல் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. 2008 முதல் 108 வண்டி ஓடுகிறது. புயல் அறிவிப்பு வந்தால் நாள் நெருங்கிய பெண்களை முன்கூட்டியே கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். ஒரு லட்சம் குழந்தைகள் பிறக்கும்போது இந்தியாவில் 97 தாய்மார் இறக்க, தமிழகத்தில் அது 54 என்று 2018-20-க்கான கணக்கு சொல்கிறது. கிராம சுகாதார செவிலியர்களும் அரசு மருத்துவர்களும் பாடுபட்டுச் சேர்த்த பலன் இது. அவர்களுக்காக நாம் நன்றிப் பலி ஒப்புக்கொடுக்க வேண்டும்.

ஆனால் அந்த 54-இல் ஒவ்வொன்றும் ஒரு வீடு. அதே தேசியக் குடும்ப நல ஆய்வு, தமிழகத்தில் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ரத்தசோகை என்கிறது. 100 பிரசவங்களில் 45-க்கு நெருக்கமானவை அறுவை சிகிச்சையில் முடிகின்றன என்றும் சொல்கிறது. அறுவை சிகிச்சை பல உயிர்களைக் காப்பாற்றுகிறது, அதை யாரும் குறை சொல்லக்கூடாது. இருந்தாலும், தைரியம் சொல்ல ஆளில்லாமல், பயத்தில் "என்னால முடியாது, அறுத்து எடுத்துடுங்க" என்று கதறும் பெண்களும் உண்டு என்பதை நீங்களே சொல்லக் கேட்டிருக்கிறேன்.

பத்தொன்பது, இருபது வயதுப் பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலம் பனிக்குடம் உடைகிறது. புருஷன் முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குப் போய்விட்டான். மாமியார் மீன் ஏலத்துக்குக் கிளம்பிவிட்டார். அக்கம்பக்கத்தார் 108-ஐக் கூப்பிட்டு ஏற்றிவிடுகிறார்கள். பிரசவ வார்டில் வரிசையாகக் கட்டில்கள், சுவர்க் கடிகாரம், பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண்ணின் அலறல். நர்ஸம்மா ஒருவர் நாலு பேரைப் பார்க்க வேண்டும். இவள் நாக்கு வறண்டு கிடக்கிறாள், தண்ணீர் குடிக்கலாமா என்று கேட்கக்கூடப் பயம். இந்தப் பெண் மருத்துவமனையில் இருக்கிறாள், பத்திரமாகத்தான் இருக்கிறாள். அவளுடன் யாரும் இல்லை.

உடன் ஒருத்தி இருந்தால் என்ன ஆகும்? அதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். மத்திய அமெரிக்காவிலுள்ள குவாத்தமாலா நாட்டில், நெரிசல் மிகுந்த ஒரு மருத்துவமனையில், கிளாஸ், கென்னல் முதலிய மருத்துவர்கள் செய்த ஆய்வு 1980-இல் வெளிவந்தது. பிரசவத்துக்கு வந்த ஏழைப் பெண்களில் ஒரு சாராருக்கு மட்டும் ஒரு துணைப்பெண்ணைக் கொடுத்தார்கள். அந்தத் துணைப்பெண் நர்ஸும் அல்ல, சொந்தக்காரியும் அல்ல. கர்ப்பிணி அதற்குமுன் அவரைக் கண்டதே இல்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டார், முதுகைத் தேய்த்துவிட்டார், பேசிக்கொண்டே இருந்தார். சிக்கலில்லாமல் பெற்றவர்களில், தனியாக இருந்தவர்களுக்குச் சராசரியாக 19.3 மணி நேரம் எடுத்த பிரசவம், துணை இருந்தவர்களுக்கு 8.8 மணி நேரத்தில் முடிந்தது. ஒரு கை, ஒரு குரல், பாதிக்கும் குறைவான நேரம். பிறகு 17 நாடுகளில், 15,000-க்கு மேற்பட்ட பெண்களிடம் நடந்த 26 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2017-இல் பார்த்தபோதும், இடைவிடாத துணை கிடைத்த பெண்கள் இயல்பாகப் பெற்றெடுப்பது கூடியது, அறுவை சிகிச்சை குறைந்தது என்றே தெரிந்தது. வெளிநாடுகளில் இந்தத் துணைப்பெண்ணை டூலா என்கிறார்கள். அதே ஊர், அதே பேச்சு, அதே ஏழ்மையை அறிந்த பெண்ணே டூலாவாக இருந்து, கர்ப்ப காலத்திலேயே வீடு தேடி வந்து, வலி நேரத்தில் உடனிருந்து, பிள்ளை பிறந்தபின்னும் சில மாதம் பார்த்துக்கொள்வதைச் சமூக டூலா பணி என்கிறார்கள். இதைக் கேட்டபோது எனக்கு மரியாவின் மூன்று மாதம்தான் நினைவுக்கு வந்தது.

தமிழகத்துக்கு இது புதிதும் அல்ல. 2004-ஆம் ஆண்டிலேயே அரசு மருத்துவமனைகளின் பிரசவ அறைக்குள் ஒரு பெண் துணையை அனுமதிக்கும் திட்டம் இங்கே தொடங்கிவிட்டது. மத்திய அரசு 2016-இல் நாடு முழுவதற்கும் அதைச் சொன்னது. துணைக்கு வருபவர் உறவுக்காரப் பெண்ணாக இருக்க வேண்டும், முன்பு பிள்ளை பெற்றவராக இருப்பது நல்லது, தொற்றுநோய் இருக்கக்கூடாது, சுத்தமான உடை வேண்டும், கடைசிவரை இருக்க வேண்டும், மருத்துவர் வேலையில் குறுக்கிடக்கூடாது என்பவை விதிகள். எல்லாம் நியாயமானவை. ஆகவே நான் முதலில் கேட்பது மாமியார்களிடமும் தாய்மாரிடமும் அத்தைமாரிடமும் சித்திமாரிடமும்தான். உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு ஏழாம் மாதம் வரும்போதே, உள்ளே போகப்போவது யார் என்று முடிவுசெய்யுங்கள். வளையல் அடுக்கும் நாளில் அதையும் அவளிடமே கேட்டுவிடுங்கள். யார் இருந்தால் அவளுக்குத் தைரியமோ, அவரே போகட்டும். மாமியார் போவதா, அம்மா போவதா என்ற கௌரவச் சண்டை அங்கே வேண்டாம்.

உள்ளே போகிறவருக்கும் கொஞ்சம் பழக்கம் வேண்டும். "நாங்கெல்லாம் பெக்கலையா, கத்தாதே" என்று அதட்டுவது துணை ஆகாது. வலி ஏறும்போது உள்ளங்கையின் அடிப்பகுதியால் இடுப்பெலும்பின்மேல் அழுத்தித் தேய்த்துக்கொடுப்பது, வலி தணியும்போது ஒரு வாய் தண்ணீர் கொடுக்கலாமா என்று நர்ஸம்மாவிடம் கேட்டுக் கொடுப்பது, மருத்துவர் அனுமதித்தால் தாழ்வாரத்தில் நடக்க வைப்பது, பிள்ளை பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்க உதவுவது என்று, இவற்றையெல்லாம் ஒரு செவிலியர் அரை நாளில் சொல்லிக்கொடுத்துவிடுவார். அதைவிட முக்கியம், எப்போது தாமதிக்கக்கூடாது என்று தெரிந்திருப்பது. முகமும் கையும் வீங்கி, தலைவலி விடாமல், கண் மங்கினால் அது உயர் ரத்த அழுத்தமாக இருக்கலாம். அதற்குச் சுக்குக் கஷாயம் போட்டுக்கொண்டு வீட்டில் உட்காரக்கூடாது. துளி ரத்தம் பட்டாலும், பிள்ளையின் அசைவு குறைந்தாலும் அந்த நிமிடமே வண்டி.

வீட்டுக்கு வந்தபின்னும் துணை தேவை. பிள்ளை பிறந்தபின் 42 நாள்வரை நேரும் மரணத்தையும் தாய் மரணம் என்றே மருத்துவம் கணக்கில் எழுதுகிறது. நம் கடற்கரையில் பால் சுறாப் புட்டும் பூண்டுக் குழம்பும் கொடுத்துத் தேற்றுகிற நல்ல வழக்கம் இருக்கிறது, அதை விடாதீர்கள். பச்சை உடம்பு என்று சொல்லித் தண்ணீரை அளந்து கொடுக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். இரும்புச்சத்து மாத்திரையை அலமாரியில் சேர்த்துவைத்திருக்கிற பெண்கள் பலர். அதை டீயுடன் சாப்பிடக்கூடாது என்று சொல்ல ஒரு அக்கா வேண்டும். பிள்ளையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து அழுதுகொண்டிருக்கும் தாயைப் "பேய் பிடித்திருக்கிறது" என்று சொல்லாமல், மருத்துவரிடம் அழைத்துப் போகவும் ஒரு அக்கா வேண்டும்.

பிரசவத்தில் பெண்களைக் காக்கும் பணியில் திரு அவையும் தாமதித்தது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. பிரிவினைக்கு முந்தைய ராவல்பிண்டியில், ஆண் மருத்துவரிடம் போக முடியாத முஸ்லிம் பெண்கள் பிரசவத்தில் செத்துக்கொண்டிருந்தார்கள். ஆக்னஸ் மெக்லாரன் என்ற பெண் மருத்துவர், துறவறச் சகோதரிகள் பேறுகால மருத்துவம் செய்ய அனுமதி கேட்டு உரோமையின் படியேறினார். அது கிடைப்பதற்குள் அவர் காலமாகிவிட்டார். அவர் வழியில் வந்த ஆஸ்திரிய மருத்துவர் அன்னா டெங்கல் 1920-இல் ராவல்பிண்டிக்கே வந்து உழைத்தார், 1925-இல் மருத்துவப் பணிச் சகோதரிகள் சபையைத் தொடங்கினார். 1936 பிப்ரவரியில்தான் உரோமை அந்தக் கதவைத் திறந்தது. இதே தமிழ் மண்ணில், திண்டிவனத்தில், ஒரே இரவில் மூன்று பெண்கள் பெண் மருத்துவர் இல்லாமல் பிரசவத்தில் இறந்ததைக் கண்டு ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண் மருத்துவம் படிக்கப் போனார். வேலூர் மருத்துவமனை அந்த இரவிலிருந்து பிறந்தது. பெண் இறப்பதைத் தலைவிதி என்று ஏற்க மறுத்தவர்கள் இவர்கள். விடுதலைப் பயண நூலில் ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொன்ன பார்வோனுக்குப் பணியாத சிப்ரா, பூவா என்ற மருத்துவப் பெண்களின் வழிவந்தவர்கள்.

நம்மால் என்ன முடியும்? ஏரியில் பாடு முறை நமக்குத் தெரியும். நல்ல இடத்தை ஒருவரே வளைத்துக்கொள்ளாமல், இன்று யார், நாளை யார் என்று முறைவைத்து வலை போடுகிறோம். உடனிருக்கும் பணிக்கும் அப்படி முறை வைப்போம். ஒவ்வோர் அன்பியத்திலும் பிள்ளை பெற்று வளர்த்த, பதறாத, ரகசியம் காக்கத் தெரிந்த இரண்டு பெண்கள் முன்வரட்டும். மரியாயின் சேனை உறுப்பினர்கள் வீடு சந்திக்கும் வாரப் பணியில் கர்ப்பிணிகளின் வீட்டை முதலில் வைக்கட்டும். உறவில்லாதவரை உள்ளே விட மருத்துவமனை தயங்கினால், அந்தப் பெண்ணும் குடும்பமும் முன்கூட்டியே மருத்துவ அலுவலரிடம் எழுதிக் கேட்கட்டும், நானும் உடன் வருகிறேன். அப்போதும் முடியாதென்றால் வாசல்வரை போங்கள், வெளியே காத்திருங்கள், திரும்பி வரும்போது கூட வாருங்கள்.

இடுப்பளவு தண்ணீரில் மணிக்கணக்கில் நின்று, கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களை மறக்காதீர்கள். ஒன்பதாம் மாதத்திலும் தண்ணீரில் இறங்குகிறவர்கள் அவர்களில் உண்டு, இறங்காவிட்டால் அன்று அடுப்பு எரியாது. அவர்கள் நம் கோவிலுக்கு வருகிறவர்களா என்று பார்க்கக்கூடாது. ஜமீலாபாத் ஊரின் முஸ்லிம் சகோதரிகளுக்கும் இதுவே. மகப்பேறு நிதியுதவிக்கான பதிவு, ஆதார், வங்கிக் கணக்கு என்று அலைகிறவர்களோடு ஒரு நாள் கூட நடந்து போவதும் இந்தப் பணியில் சேர்ந்ததே.

ஆண்களே, இதுவரை பெண்களிடம் பேசினேன் என்று எழுந்துவிடாதீர்கள். செக்கரியாவுக்குப் பேச்சில்லை, உங்களுக்கு இருக்கிறது. நாள் நெருங்கிவிட்டால் அந்த வாரம் தூரக் கடலுக்குப் போகாதீர்கள். போகத்தான் வேண்டுமென்றால், கடனாவது வாங்கிக் கொஞ்சம் ரொக்கத்தை மனைவி கையில் கொடுத்துவிட்டுப் போங்கள், உங்கள் அண்ணன் தம்பியிடம் வண்டிக்குச் சொல்லிவிட்டுப் போங்கள். துணைக்குப் போகும் அக்காவின் அன்றைய மீன் வியாபாரம் போய்விடுமே, அந்த நாள் கூலியை ஊர்ப் பணத்திலிருந்து கொடுக்கப் பஞ்சாயத்தில் நீங்களே பேசி முடிவெடுங்கள். பிரசவத்துக்குப்பின் ரத்தப்போக்குதான் தாய்மாரைக் கொல்லும் காரணங்களில் முன்னால் நிற்பது. அந்த நேரத்தில் ரத்தம் வேண்டும், அதுவும் உடனே.

திருப்பலி முடிந்ததும் பணிக்கு முன்வரும் தாய்மார் மாதா கெபி அருகே இருங்கள், கிராம சுகாதார செவிலியர் உங்களோடு பேசுவார். 18 வயது நிரம்பிய ஆண்கள் கோவில் வாசலில் உள்ள நோட்டில் பெயர், ரத்த வகை, கைப்பேசி எண் மூன்றையும் எழுதுங்கள். ரத்த வகை தெரியாதவர்களும் பெயரை எழுதுங்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதித்துக்கொள்ளலாம்.