திருமணம்: சடங்கா, சம்மதமா?

திருமணத்தை முழுமையாக்குவது சடங்கா, இருவரின் சம்மதமா என்ற கேள்வி சமயத்துக்கும் சட்டத்துக்கும் பொதுவானது. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம், 7ஆம் பிரிவில், சடங்கின் பக்கம் நிற்கிறது: மணமக்களில் ஒருவர் தரப்பு வழக்கப்படியான சடங்குகள் நடந்திருக்க வேண்டும். ஏழடி எடுத்துவைப்பது அவற்றில் ஒன்றானால், ஏழாம் அடியில்தான் மணம் நிறைவுறும்.

பெரியாரின் சுயமரியாதை இயக்கம் புரோகிதரையும் மந்திரத்தையும் விலக்கி மணங்களை நடத்தியது. அவ்வகை மணம் செல்லாது எனச் சென்னை உயர் நீதிமன்றம் 1953இல் தீர்ப்பளித்தது. 1967இல் அண்ணா அரசு இயற்றிய திருத்தம் 7-அ பிரிவைச் சேர்த்தது. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாக அறிவித்தாலோ, மாலையோ மோதிரமோ மாற்றினாலோ, தாலி கட்டினாலோ போதும். முன்பு நடந்த சுயமரியாதை மணங்களும் செல்லுபடியாயின. ஊரறிய நடத்தும் கட்டாயமும் இல்லை என 2023இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. 7ஆம் பிரிவின்கீழோ, சடங்கு நடக்காதபோது பதிவுச் சான்று மட்டும் மணமாகாது என்று 2024இல் கூறியது.

தமிழ்நாட்டின் திருத்தம் தெலங்கானாவுக்குப் பொருந்தாது. செகந்திராபாத்தின் மாரெட்பள்ளியில் சடங்கின்றி மணக்க விரும்பும் தமிழ் இணையருக்கு 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டமே வழி: 30 நாள் அறிவிப்பு, மூன்று சாட்சிகள், வாய்மொழி உறுதி. சடங்கை விலக்க இடம்தந்த இரு சட்டங்களும் சாட்சியை விலக்கவில்லை. மனம் ஒப்பினால் மட்டும் போதாது, அதைப் பிறர் அறியச் சொல்ல வேண்டும் என்பதே அவற்றின் நிலை.