பாறை முனகும்போதே

ஆண்டர்சன்பேட்டைப் பெரியவர்களே, தாய்மார்களே, கோயில் தர்மகர்த்தாக்களே, ஜமாத்தாரே, சபை மூப்பர்களே, விகாரையில் விளக்கேற்றுகிறவர்களே! ஒரு வேண்டுகோளோடு வந்திருக்கிறேன். எழுதி முடிப்பதற்குள் அது அதட்டலாக மாறிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். நமக்கு நேரம் குறைவு.

நம் அப்பன் பாட்டன்மார் 'ஏர் பிளாஸ்ட்' என்று சொல்வார்களே, நினைவிருக்கிறதா? பூமிக்கடியில் பாறை வெடிக்கும். மேலே தொழிலாளர் லைன் வீட்டுத் தகரம் அதிரும், அடுக்கி வைத்த பாத்திரம் உருளும். அடுத்த நிமிஷம் பெண்கள் போட்டது போட்டபடி ஷாப்ட் வாசலுக்கு ஓடுவார்கள். நம் கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் தங்கக் கல்லை வெட்டி எடுத்தால் எடுத்த இடம் காலியாக நிற்கும். மேலே இருக்கும் பாரமெல்லாம் அந்தக் காலி இடத்தைத் தேடி இறங்கும். அதனால் வெட்டின கையோடு கருங்கல்லை அடுக்கி அடைத்தார்கள். அடைப்பது தாமதமானால் பாறை முனகும், சில்லுச் சில்லாகத் தெறிக்கும். அனுபவப்பட்ட ஆள் அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் கூட இருந்த பையன்களை இழுத்துக்கொண்டு விலகுவான். நூறு வருஷத்துக்கு முன்பே நில அதிர்வுக் கருவி வைத்துப் பாறையைக் கவனித்த ஊர் இது. 1988-ல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனமே சாம்பியன் ரீஃப்பில்தான் தொடங்கியது.

பாறையின் முனகலைக் கேட்கத் தெரிந்த ஊர், பிள்ளையின் முனகலைக் கேட்கவில்லை என்றால் யாருக்குப் பதில் சொல்வோம்?

2001 பிப்ரவரி 28. சுரங்கத்தை மூடினார்கள். வேலை போனது, சங்குச் சத்தம் போனது, சங்கத்துக் கூட்டம் போனது, ஷிப்ட் முடிந்து வரும் மாமன்களின் அதட்டல் போனது. விடிவதற்கு முன் மாரிகுப்பத்தில் ரயிலேறி, பெங்களூரில் பகலெல்லாம் உழைத்து, இருட்டின பிறகு திரும்பும் பிழைப்பு வந்தது. அப்பனும் போகிறான், அம்மாவும் போகிறாள். பிள்ளை வீட்டில் தனியாக இருக்கிறான், கையில் போன் இருக்கிறது. அந்தக் காலி இடத்தை நாம் எதைக் கொண்டு அடைத்தோம்?

நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் லைனில் ஒரு பையன். பந்து விளையாட அழைத்தால் முதல் ஆளாக வருவான். ஒரு பண்டிகை நாளில் பக்கத்து வீட்டு அக்கா தூக்குச் சட்டியில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தாள். வருஷா வருஷம் கொடுப்பதுதான். அவன் மூடியைக்கூடத் திறக்காமல் வாசற்படியில் வைத்துவிட்டு, "இனிமேல் எங்களுக்கு வேண்டாம்" என்றான். கோபம் இல்லை, குரலும் உயரவில்லை. மனப்பாடம் செய்த பாடத்தைப் போலச் சொன்னான். அந்தச் சட்டியின் சூடு ஆறும்வரை நானும் எதிர்த்திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். வயசுக் கோளாறு, சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆறு மாதம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த ஆறு மாதத்தில் அவனோடு இரவெல்லாம் பேசியவர்கள் வேறு எங்கோ இருந்தார்கள்.

அவன் எந்த மதம் என்று சொல்ல மாட்டேன். தெரிந்துகொள்ள வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றுகிறது பாருங்கள், முதலில் அதைக் கவனியுங்கள்.

தாமதத்தின் விலை என்ன என்று கேட்கிறீர்களா? காத்தான்குடியைக் கேளுங்கள். இலங்கையின் கிழக்குக் கரையில், தமிழ் பேசும் முஸ்லிம்களின் ஊர். ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குத் தலைமை தாங்கிய ஸஹ்ரான் ஹாஷிம் அங்கேதான் வளர்ந்தான். தமிழில்தான் பேசினான், நம் மொழியில்தான் நஞ்சைக் கலந்தான். அந்த ஊர் முஸ்லிம்களே அவனை எதிர்த்தார்கள், அதிகாரிகளிடம் முறையிட்டார்கள். 2017 மார்ச்சில் அவன் கூட்டம் தெருவில் மோதியது, அவன் தலைமறைவானான். இரண்டு வருஷம் ஓடியது. 2019 ஏப்ரல் தொடக்கத்தில் இந்திய உளவுத்துறையும் எச்சரித்தது. கேட்டவர்கள் கேட்டபடி இருந்தார்கள். ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. மூன்று தேவாலயங்கள், மூன்று பெரிய ஓட்டல்கள், 260-க்கும் மேற்பட்ட உயிர்கள். 2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவே கடமை தவறினார் என்று தீர்ப்பளித்து, 10 கோடி ரூபாய் இழப்பீடு கட்டச் சொன்னது. பணத்துக்குக் கணக்கு முடிந்திருக்கலாம். அந்த மூன்றில் ஒன்றான சீயோன் தேவாலயத்துக் குழந்தைகளின் கணக்கை யார் முடிப்பது?

கோவையைக் கேளுங்கள். 1997 நவம்பரில் ஒரு போலீஸ்காரர் கொலையானார். அடுத்துக் கலவரம், துப்பாக்கிச் சூடு, 18 முஸ்லிம்கள் பிணமானார்கள். 1998 பிப்ரவரி 14-ல் தொடர் குண்டுகள். 58 பேர் போனார்கள். ஒரு பழியின் வயிற்றில் அடுத்த பழி பிறந்தது. அதோடு முடிந்ததா? 2019-ல் என்.ஐ.ஏ. விசாரித்து அனுப்பிய இளைஞன் ஒருவன், படித்தவன், 2022 அக்டோபர் 23 விடியற்காலையில் கோட்டை ஈஸ்வரன் கோயில் முன்னே காரோடு வெடித்துச் செத்தான். விசாரணைக்கும் வெடிப்புக்கும் நடுவே மூன்று வருஷம் கிடந்ததே! காவலர் வீட்டுக் கதவைத் தட்டலாம், ஒருவன் மனசின் கதவை அவர்களால் தட்ட முடியுமா? அது யாருடைய வேலை?

ஆனாலும் கோவை அப்படியே உட்கார்ந்துவிடவில்லை. வெடித்த சில நாட்களிலேயே ஜமாத்தார் அந்தக் கோயிலுக்கே போனார்கள், பூசாரிகளைச் சந்தித்துப் பேசினார்கள். மாநகரக் காவல்துறை 'ஆபரேஷன் ரீபூட்' என்று பெயர் வைத்து, பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளை வீடு வீடாகத் தேடித் திரும்ப வகுப்பில் உட்கார வைத்தது. லத்தி பிடித்த கை, பிள்ளையின் புத்தகப் பையைப் பிடித்தது. என்னைக் கேட்டால் எந்தச் சோதனைச் சாவடியைவிடவும் அதுதான் பலமான அடைப்பு.

பெங்களூரை நான் சொல்ல வேண்டியதில்லை, தினமும் போய் வருகிறீர்கள். நம் பிள்ளைகள் இறங்கும் ஒயிட்ஃபீல்டு பக்கத்தில்தான் 2024 மார்ச் 1-ல் ராமேஸ்வரம் கஃபேயில் குண்டு வெடித்தது. குற்றப்பத்திரிகையில் இருப்பவர்களில் இருவர் தீர்த்தஹள்ளி இளைஞர்கள். 2017 செப்டம்பர் 5-ல் பத்திரிகையாளர் கௌரி லங்கேஷ் தம் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் சுட்டதாகக் குற்றம் சாட்டப்பட்டு நிற்பவன் பிடிபட்டபோது 26 வயது, சிந்தகி ஊர்க்காரன். இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று விரல் நீட்டி நீட்டியே நம் விரல் தேய்ந்துவிட்டது. 2020 ஆகஸ்ட் 11-ல் டி.ஜே. ஹள்ளியில் ஒரு ஃபேஸ்புக் பதிவு தீயானது. மூன்று பேர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மாண்டார்கள். அதே இரவு, அதே வட்டாரத்தில், முஸ்லிம் இளைஞர்கள் அனுமார் கோயிலைச் சுற்றிக் கைகோத்துச் சங்கிலியாக நின்று காத்தார்கள். இரண்டு கூட்டமும் ஒரே வயசு, ஒரே வட்டாரம். நின்று காத்தவர்களுக்கு யாரோ, எப்போதோ, சரியான வார்த்தையைச் சரியான நேரத்தில் சொல்லி வளர்த்திருக்கிறார்கள்.

டென்மார்க்கில் ஆர்ஹூஸ் என்று ஒரு நகரம். அங்கிருந்து 2013-ல் மட்டும் ஏறத்தாழ 30 இளைஞர்கள் சிரியாப் போருக்குப் போனார்கள். நகராட்சியும் காவல்துறையும் பள்ளிவாசலோடு உட்கார்ந்து பேசின. ஒவ்வொரு பையனுக்கும் பேச்சுத்துணையாக ஒரு பெரிய ஆள், படிப்புக்கும் வேலைக்கும் வழி. மறுவருஷம் போனவன் ஒருவன். அந்த ஊரின் வசதி நமக்கு இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பேச்சுத்துணைக்குப் பெரிய ஆள் கூடவா நம்மிடம் இல்லை?

இருந்தார்களே ஐயா! பூமிக்குள் வெந்து வந்த மனுஷனுக்கு இரவுப் பள்ளி நடத்தியவர்கள் இந்த ஊர்ப் பௌத்தர்கள். அயோத்திதாசப் பண்டிதர் 1907-ல் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' இதழை 1926-ல் மறுபடி உயிர்ப்பித்தது ஜி. அப்பாதுரையார், இதே தங்கவயலிலிருந்து. சித்தார்த்த புத்தகசாலை இங்கேதான் புத்தகம் போட்டது. கைநாட்டு வைத்தவன் வீட்டில் பிள்ளை பத்திரிகை வாசித்தான். 1930-ல் கைரேகை எடுத்துப் பதிவுசெய்வோம் என்று கம்பெனி சொன்னபோது அத்தனை லைனும் வேலையை நிறுத்தியது. கோபம் இருந்தது, கொதித்தது. ஆனால் சாதி மதம் பாராமல் ஒன்றாகக் கொதித்தது. பிள்ளையின் கோபத்தைப் பிடுங்குங்கள் என்று நான் கேட்கவில்லை. வேலையில்லாதவனுக்குக் கோபம் வர வேண்டும். அந்தக் கோபத்துக்குப் பக்கத்து வீட்டைக் காட்டுகிறவன் கையில் அவனை விடாதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

ஆகையால் எழுந்திருங்கள். பெற்றவர்களே, ஞாயிற்றுக்கிழமை ஒரு வேளையாவது போனை அடுப்படி மேடையில் வைத்துவிட்டுப் பிள்ளையோடு சேர்ந்து சாப்பிடுங்கள். உங்கள் போனையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். குருமார்களே, மேடையில் அடுத்த மதத்தைக் கேலி பேசுகிறவன் உங்களவனாக இருந்தால் அந்த மேடையிலேயே நிறுத்துங்கள். கைதட்டின பிறகு கண்டித்துப் பயனில்லை. வாத்தியார்களே, மூன்று நாள் வராத பிள்ளையின் வீட்டுக்கு நாலாம் நாள் போங்கள். வாலிபர்களே, உங்களில் ஒருவன் ஆட்டத்துக்கு வருவதை நிறுத்தினால் அவனைத் தேடிப் போங்கள். சந்தேகப்பட்டுப் போகாதீர்கள், பந்தோடு போங்கள். முத்திரை குத்தினால் அவன் ஒளிந்துகொள்வான். ஆனால் ஆயுதம், வெடி, ஆள் சேர்ப்பு என்று கண்ணால் கண்டால் அன்றைக்கே காவல் நிலையத்தில் சொல்லுங்கள். அதைக் காட்டிக்கொடுப்பது என்று எவனும் சொல்ல விடாதீர்கள். காத்தான்குடிக்காரர்கள் சொன்னார்கள்; கேட்காதது அவர்கள் குற்றமில்லை.

நாளைக்கு என்கிறீர்களா? அந்தத் தூக்குச் சட்டி வாசற்படியில் இருந்த நேரம் எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? கால் மணி. கால் மணியில் எழுந்து பத்தடி போயிருந்தால் எனக்கு ஆறு மாதம் மிச்சமாகியிருக்கும்.

பத்து நாளைக்கு முன்பு அவனிடம் பேசத் தொடங்கினேன். முதல் தடவை முகத்தைத் திருப்பிக்கொண்டான். இரண்டாம் தடவை, "உங்களுக்கு ஒன்றும் தெரியாது தாத்தா" என்றான். ஆனாலும் தாத்தா என்றான். இப்போது பெங்களூரில் ஒரு கிடங்கில் வேலை, ராத்திரி ரயிலில் வருகிறான். பக்கத்து வீட்டு அக்கா அதே சட்டியைக் கழுவி, சாதமும் குழம்பும் போட்டுத் துணியில் கட்டிக் கொடுத்திருக்கிறாள். மாரிகுப்பத்துக்கு ரயில் வர இன்னும் முக்கால் மணி இருக்கிறது. இந்தப் பேனாவை மூடிவிட்டு நான் கிளம்புகிறேன்.