"கியூர்" என்றொரு சொல்

 

நாம் ஓதியது மதரஸாவிலே. படித்தது ஆரம்பப் பள்ளியிலே. ஆங்கிலமோ சரக்குப் பட்டியலிலும் பெட்டிகளின் மேலும் பார்த்துப் பழகியதுதான். ஆயினும் "கியூர்" என்ற சொல் நமக்குத் தெரியும். நோயைக் குணமாக்குவது என்றே நெடுநாள் எண்ணியிருந்தோம்.

ஒரு நாள் பிரிக்பீல்ட்ஸில் கட்டட வேலை செய்யும் நண்பர் ஒருவர், புதிதாகப் போட்ட சிமெண்டுத் தளத்தின் மேல் ஈரச் சாக்கைப் பரப்பிவிட்டு, "ஏழு நாள் கியூர் ஆகட்டும், பாய்" என்றார். நமக்குச் சிரிப்பு வந்தது. தளத்துக்குமா காய்ச்சல்? வீட்டுக்கு வந்து மகனிடம் கேட்டோம். மீனை உப்பிட்டுக் கருவாடாக்குவதற்கும், ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி உறுதியாக்குவதற்கும் இதே சொல்தான் என்றான். லத்தீன் மொழியில் இதன் வேர்ச்சொல்லுக்குக் கவனிப்பு, அக்கறை என்று பொருளாம்.

அரிசி விற்கும் நமக்கு இந்தச் சொல் இன்னும் நெருக்கமானது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிபெரி என்னும் நோய் மலாயாவில் ஏராளமான உயிர்களைக் கொண்டு போயிற்று. சயாம் வெள்ளரிசி உண்ட சீனத் தொழிலாளர் மடிந்தார்கள். புழுங்கலரிசி உண்ட தமிழர்களை அந்நோய் பெரும்பாலும் தொடவில்லை. நெகிரி செம்பிலானில் பணிபுரிந்த டாக்டர் பிராடன் இதைக் கண்டார். ஊற வைத்து, ஆவியில் வேக வைத்து, உலர்த்திக் குத்திய நம் புழுங்கலரிசிக்கு அக்கால டாக்டர்கள் வைத்த பெயரே "கியூர் செய்த அரிசி" என்பதுதான்.

1905ஆம் ஆண்டின் இறுதியில் கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் டாக்டர் பிளெட்சர் ஒரு சோதனை தொடங்கினார். பாதிப் பேருக்கு வெள்ளரிசி. மறு பாதிக்குப் புழுங்கலரிசி. இடத்தின் குற்றமோ என்று ஐயுற்று, நடுவில் இரு கூட்டத்தாரையும் இடம் மாற்றியும் பார்த்தார். வெள்ளரிசி உண்டவர்களில் பலருக்கு நோய் கண்டது. 18 பேர் மாண்டார்கள். புழுங்கலரிசி உண்டவர்களிலோ, நோயோடு வந்து சேர்ந்தவர்களைத் தவிர எவருக்கும் அது வரவில்லை. பிராடன் வெள்ளரிசியில் ஏதோ விஷம் இருப்பதாக எண்ணினார். பின்னர் பிரேசர், ஸ்டான்டன் என்னும் இரு டாக்டர்கள், தவிட்டோடு போய்விடும் சத்தின் குறைவே காரணம் என்று காட்டினார்கள். இன்று அதை வைட்டமின் பி1 என்கிறோம். புழுக்கும்போது அந்தச் சத்து அரிசிக்குள் இறங்கித் தங்கிவிடுகிறது. அந்த ஏழை நோயாளிகளின் உயிரைக் கொண்டு உலகம் கற்ற பாடம் இது.

நெல்லுக்குச் செய்த பக்குவம் மனிதனுக்கு மருந்தாயிற்று! நோய் வருமுன்னே, நம் வசமுள்ள பொருளை அக்கறையோடு பேணுவதும் கியூர்தான்.

இப்போது நம் குற்றத்தைச் சொல்கிறோம். போன மழைக்காலத்தில் கூரை ஒழுகி, நம் கடையில் நான்கு மூட்டை அரிசி நனைந்துவிட்டது. இரண்டு நாளில் வாடை வந்தது. "வெயிலில் காயப்போட்டு நல்லதோடு கலந்துவிடலாம், முதலாளி" என்றான் கடைப் பையன். ஷைத்தான் சொல்ல வேண்டியதைப் பையன் சொன்னான், நாம் தலையசைத்தோம். ஒரு மூட்டை கலந்தும் ஆயிற்று. அன்று அஸருக்குப் பின் வாடிக்கையான பாட்டியம்மா ஒருவர் வந்து, ஒரு பிடி அரிசியை முகர்ந்து பார்த்து, "நல்லதுதானே தம்பி? பேத்திக்கு உடம்புக்கு முடியல, கஞ்சி வைக்கணும்" என்றார்.

நமக்கு வாய் வரவில்லை. மதீனாவின் கடைத்தெருவில் நாயகம் (ஸல்) அவர்கள் தானியக் குவியலுக்குள் கையை விட்டு ஈரத்தைக் கண்டதும், மழையில் நனைந்தது என்று வியாபாரி சொன்னதும், மக்கள் பார்க்க அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டதும், மோசம் செய்பவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்று எச்சரித்ததும் மதரஸாவில் ஓதிய பாடமல்லவா? பூஞ்சணம் பிடித்த அரிசியை வெயில் காயவைக்கும். ஆனால் அதன் கேட்டைப் போக்காது. குறையை மறைப்பது கியூர் அல்ல, சகோதரர்களே!

பாட்டியம்மாவுக்கு வேறு மூட்டையிலிருந்து அளந்தோம். நனைந்ததையும் கலந்ததையும் குப்பைக்கு அனுப்பினோம். அதற்குள் விற்றுவிட்டதற்கு, நினைவிலிருந்த வீடுகளுக்கெல்லாம் ஆளனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். நினைவில் இல்லாதவர்களுக்கு மறுமையில் என்ன பதில் சொல்வோம்? அந்தக் கவலை இன்னும் நெஞ்சில் இருக்கிறது.

நோயுறும்போது குணமளிப்பவன் இறைவன் ஒருவனே என்பது இப்ராஹீம் (அலை) அவர்களின் சொல்லாகத் திருமறையில் வருகிறது. ஷிபா அவனுடையது; பேணுதல் நம்முடையது. டாக்டர் கையில் மருந்து அமானிதம். நம் கையில் மூட்டை அமானிதம். நாளைக் காலை கடை திறந்ததும் ஒவ்வொரு மூட்டைக்குள்ளும் கையை விட்டுப் பாருங்கள். பிறகு தராசைத் தொடுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் நோயாளிகளுக்கு ஷிபாவையும், எங்கள் வியாபாரத்தில் ஹலாலையும் பரக்கத்தையும் தந்தருள்வாயாக! ஆமீன்.