தவக்குலும் தண்ணீர்ப் பீப்பாயும்

"எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம், நாம் முன்கூட்டிச் சேர்த்து வைப்பதால் என்ன ஆகிவிடப் போகிறது?" என்று சென்ற வாரம் நம் கடைக்கு வந்த ஓர் அன்பர் கேட்டார். வீட்டில் தண்ணீர் சேமிப்பதும், அலமாரியைச் சுவரோடு சேர்த்து ஆணி அடிப்பதும் தவக்குலுக்கு விரோதமன்றோ என்பது அவர் சந்தேகம். அதே அன்பர் இரவில் தம் கடைக்கு இரண்டு பூட்டுப் போட்டுவிட்டுத்தான் வீடு செல்கிறவர்!

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு நம்பிக்கை வைக்கும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்ததை மதறஸாப் பிள்ளைகளும் அறியும். யூசுபு நபி (அலை) அவர்கள் பஞ்சத்திற்கு முன்னரே தானியத்தைக் கதிரோடு சேமிக்கச் சொன்னார்கள். ஆகவே முன்னேற்பாடு கூடுமா என்பதில் நமக்குத் தர்க்கமில்லை.

இந்நாட்டில் நிலநடுக்கம் ஏது என்று முன்பெல்லாம் சொல்வோம். 2015 ஜூன் 5-ல் சபாவில் ரானாவ் பக்கம் 6.0 அளவில் பூமி குலுங்கி, கினபாலு மலையில் 18 பேர் மாண்டனர். 2025 ஆகஸ்டு 24-ல் ஜொகூர் சிகாமட்டிலும் நடுங்கியது, அளவு 4.1 தான் என்றாலும், தீபகற்பத்துக்காரராகிய நமக்கும் தூக்கம் கலைந்தது. அதன் பின்னரே கடையில் எண்ணெய் டின்களை மேல்தட்டிலிருந்து கீழே இறக்கினோம். 200 லிட்டர் பீப்பாய் நிறைந்தால் தண்ணீர் மட்டும் 200 கிலோ. அதை உயரத்தில் ஏற்றி வைப்பவர் தம் தலைக்கு மேலே ஆபத்தைக் கட்டி வைத்தவராவார். தரையில் வைத்து இறுக மூட வேண்டும், டெங்கிக் கொசு தேங்கிய நல்ல தண்ணீரில் முட்டையிடுமாதலால். தோட்டத்தில் முருங்கை தானே வறட்சி தாங்கும். கறிவேப்பிலைக்கு அடியில் தேங்காய் மட்டையைப் பரப்பி, மாலையில் அரிசி கழுவிய நீரை ஊற்றலாம். நபியவர்கள் ஒளுச் செய்தது ஒரு முத்து அளவு நீரில், அதாவது இரு கைகளும் சேர்த்து ஏந்தும் அளவு. நாமோ குழாயைத் திறந்துவிட்டு அடுத்தவரோடு சமாச்சாரம் பேசுகிறோம்.

இவையெல்லாம் எளிது. கடினமான கேள்வி வேறு: சேர்த்து வைப்பது எதுவரை முன்னேற்பாடு, எங்கிருந்து பதுக்கல்? பதுக்கல் ஆகாது என்பது வியாபாரிகளாகிய நமக்குத் தெரியும். ஆனால் அதை அரிசி மூட்டையைப் பற்றித்தான் நினைக்கிறோம். வீட்டுப் பீப்பாயைப் பற்றி நினைப்பதில்லை.

2014-ல் சிலாங்கூரில் தண்ணீர்ப் பங்கீடு வந்தபோது நாம் அங்கே குடியிருந்தோம். வீட்டில் மூன்று பீப்பாய் நிறைந்திருந்தன. பக்கத்து வீட்டுச் சீன அம்மையார், கைக்குழந்தை உள்ள வீடு, வாளியோடு வந்தார். கொடுத்தோம். மறுநாளும் வந்தார். "எங்களுக்கே காணாது" என்றோம். பொய்யன்று என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். குழாயில் தண்ணீர் திரும்பியபோது ஒரு பீப்பாய் தொடாமலே இருந்தது. அதைச் செடிகளுக்குத்தான் ஊற்றினோம். அந்த அம்மையார் அப்புறம் எதுவும் கேட்டு வரவில்லை.

சேமிப்பது தவக்குலுக்கு விரோதமன்று, கொடுத்தால் நமக்கு இல்லாமற் போகும் என்று அஞ்சினோமே, அதுதான் விரோதம் என்று அன்பருக்குச் சொன்னோம். அவர் ஒப்பவில்லை. "பத்து வீட்டாரும் வந்தால்?" என்றார். நியாயமான கேள்வி; அதற்குரிய அளவு நம்மிடமும் இல்லை. இப்போது ஒரு பீப்பாய் கூடுதலாக வைத்திருக்கிறோம். அதை வேலிக்கு வெளியே வைக்கலாமா என்று வீட்டில் கேட்டதற்கு, வைத்தால் பீப்பாயே போய்விடும் என்றார்கள். ஆகவே பீப்பாயை உள்ளே வைத்து, குழாயை மட்டும் வேலிக்கு வெளியே நீட்டியிருக்கிறோம்.