வெளியே அமர்ந்தவனின் உயிர்

கபடியின் விதிகளை வெளிநாட்டு மாணவர்களுக்கு ஆங்கிலத்தில் விளக்குவது என் வேலை. அணிக்கு 7 பேர், நடுக்கோடு, 30 விநாடிக்குள் மூச்சுவிடாமல் பாடித் திரும்புவது: இவற்றை உடனே பிடித்துக்கொள்கிறார்கள். அவர்களை யோசிக்கவைப்பது வேறொரு விதி. ஆட்டமிழந்தவன் வெளியே அமர்கிறான். அவனுடைய அணி எதிராளி ஒருவரை ஆட்டமிழக்கச் செய்தால், முதலில் வெளியேறியவன் முதலில் உயிர்பெற்று வருகிறான். போனஸ் புள்ளிக்கு யாரும் உயிர்பெறுவதில்லை.

“திரும்பி வர அவன் என்ன செய்ய வேண்டும்?” என்று கேட்கிறார்கள். அவனால் ஆவது ஒன்றுமில்லை என்கிறேன்.

மீட்சிக்கு நம் முயற்சி வேண்டுமா என்பது வைணவத்தின் பழைய கேள்வி. தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியாக உயிரைப் பார்த்தார்கள் வடகலையார்; தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டியாகப் பார்த்தார்கள் தென்கலையார். வெளியே அமர்ந்தவன் பூனைக்குட்டியின் நிலையில் இருக்கிறான். ஆனால் அவனை மீட்பவன் கடவுள் அல்ல; அடுத்த நொடியே தானும் பிடிபடக்கூடிய தோழன்.

அருள் மேலிருந்து மட்டுமே வருவதாக நான் நம்பவில்லை. அது பக்கத்திலிருந்தும் வருகிறது. அதனால்தான் களத்தில் நிற்பவனின் கடமை பெரிது: அவன் மூச்சுப்பிடித்து ஓடுவது தன் புள்ளிக்காக மட்டுமல்ல, வெளியே காத்திருப்பவனின் உயிருக்காகவும்தான்.